நடுப் பெடல் மாப்பிள்ளை

மாப்பிள்ளைக் கோலத்தில் இருப்பவன் கையில் கார்ச் சாவியைக் கொடுக்கக் கூடாது. தலைப்பாகை ஏறியதும் மூளைக்குக் காற்றோட்டம் நின்றுவிடுகிறது. (முன்னரும் பெரிதாக இருந்ததில்லை என்பது என் மனைவியின் கட்சி.)

இரண்டாயிரங்களின் தொடக்கம். ஈஸ்ட் ஹாமில் என் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் பீட்டர், இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் பிறந்த ஒரு ஸ்போர்ட்ஸ் காரைப் பிள்ளைபோல வளர்த்தார். கூரையில்லாத, பச்சை நிற இரண்டு சீட்டுக்காரி. என் கல்யாணத்துக்கு அதைத் தானாகவே தந்தார். ஒன்றுதான் சொன்னார்: "இதில் அக்ஸிலரேட்டர் நடுவில், பிரேக் வலது ஓரத்தில். மறக்காதே."

"ஓகே, ஓகே" என்றேன், அந்தக் காரைச் செய்தவனே நான்தான் என்பதுபோல.

மண்டப வாசலுக்குச் சற்று முன்னால் பெண்ணின் தகப்பனார் காரை மறித்து, சக்கரங்களுக்குக் கீழே தேசிக்காய் (எலுமிச்சை) வைத்தார்.

"மாமா, இது எழுபது வருசப் பழசு."

"உமக்குப் புதுசுதானே? மெல்ல ஏத்தும்."

மெல்லத்தான் ஏற்றினேன். தேசிக்காய் நசுங்கியது. நிற்பாட்டுவதற்கு, பழக்கதோஷத்தில் நடுப் பெடலை மிதித்தேன். கார் பாய்ந்தது. பிரேக் பிடிக்கவில்லையே என்று இன்னும் அழுத்தி மிதித்தேன்! வாசலில் கட்டியிருந்த வாழைமரம் குலையோடு வந்து என் மடியில் உட்கார்ந்தது.

அபசகுனச் சத்தம் காதில் விழக்கூடாதென்று மேளகாரர் கெட்டிமேளம் முழக்கினார். உள்ளே இருந்த சனம், தாலி ஏறிவிட்டதென்று எழும்பி அறுகரிசி எறிந்தது.

மாமாவின் முகம் கறுத்தது. "குலைவாழை சரிஞ்சிட்டுது. சகுனம் சரியில்லை. வேற நாள் பாப்பம்."

எனக்கு வேட்டி வரைக்கும் வேர்த்தது. பின்னால் வந்த பீட்டரின் காதில் என் தோழன் விஷயத்தைச் சொன்னான். பீட்டர் நசுங்கிய மட்கார்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி, பாதிரியார் குரலில் மாமாவிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "வாழ்த்துகள் ஐயா. எங்கள் ஊரில் மாப்பிள்ளையின் கார் எதையாவது இடித்துத் தள்ளினால்தான் கல்யாணம் நிலைக்கும்."

அந்த வழக்கத்துக்கு அப்போது அரை நிமிட வயது.

"அப்பிடியே?" மாமா நிமிர்ந்தார். "பேந்தென்ன, பொம்பிளையைக் கூப்பிடுங்கோ!"

மட்கார்டைப் பற்றி பீட்டர் பிறகும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தப் பொய்யின் தயவில்தான் நான் இன்றுவரை குடும்பஸ்தன். கோயிலில் அர்ச்சனைக்கு எங்கள் பெயர்களோடு அவர் பெயரையும் சொல்வேன். ஒவ்வொரு முறையும் ஐயர் பீட்டருக்கு நட்சத்திரம் கேட்பார்.

மாமா மட்டும் அந்த வழக்கத்தை விடவில்லை. போன வருடம் அவருடைய மூத்த பேரன் மாப்பிள்ளையாகக் காரில் வந்து இறங்கப் போனான். இறங்க விடவில்லை. மண்டபத்துப் பூச்சாடியைத் தானே தூக்கிவந்து காருக்கு முன்னால் வைத்தார்.

"இடி ராசா, வெக்கப்படாதை. இது இந்த ஊர்ச் சாத்திரம்."