தொட்டிக்குள் ஒரு முதலாளி

சோப்புக்காரருக்குப் பெரிய கடை தரவேண்டிய பாக்கி நாற்பத்தோராயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். அது கைக்கு வர ஒரு மீன் உயிரோடு இருந்தாக வேண்டும்.

தகரக் கொட்டகையில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலக்கி, பாட்டிலில் அடைத்து, பெரிய கடைக்குப் போட்டு வந்தவர் அவர். திடீரென்று கடை புது விதி கொண்டுவந்தது. கழுவி ஊற்றுகிற தண்ணீர் ஆறு குளத்தைக் கெடுக்கக் கூடாதாம். கடையின் அதிகாரி வீடு தேடி வந்து சொன்னார்.

"நீங்களே மீனும் தொட்டியும் வாங்கி வைங்க. திரும்ப வர்றேன், அதுல உங்க சோப்ப ஒரு மூடி ஊத்துவோம். மீன் பொழச்சா செக்கு. செத்தா, சரக்கும் வேணாம், பாக்கியும் கெடையாது."

போகும்போது இலைப் படம் போட்ட ஒரு பாட்டிலை மேசையில் வைத்தார். கடையே சொந்தமாகப் போடுகிற சோப்பு.

"இது இயற்கை. இப்படி இருக்கணும். பாத்துக் கத்துக்குங்க."

சோப்புக்காரர் அதைத் திறக்கக்கூடத் துணியவில்லை. அலமாரியில் மேல் தட்டில் வைத்தார்.

பணம் வராவிட்டால் மாதக் கடைசியில் கொட்டகைக்குப் பூட்டு. வாடகை கேட்டுக் கேட்டுக் கொட்டகைக்காரருக்கே அலுத்துவிட்டது. இந்த லட்சணத்தில் சோப்புக்காரர் கைமாற்று வாங்கி ஒரு மீனும் தொட்டியும் வாங்கிவந்தார்.

"என்ன பேரு வைக்கலாம்?" என்றாள் மனைவி.

"முதலாளின்னு வை. இனிமே நம்ம சோறு இவரு கையிலதான்."

"இவருக்குக் கையே இல்லையே."

"முதலாளிக்கு எதுக்குடி கை? வேலை செய்யவா போறாரு?"

முதல் கலவையில் முதலாளி மூச்சு வாங்கினார். சோப்புக்காரர் காரத்தைக் குறைத்தார். முதலாளி ஒரு மூலையில் ஒதுங்கினார். வாசனையை எடுத்தார், நுரையை எடுத்தார். முதலாளி துள்ளி விளையாடினார். ஆனால் வாங்கிப்போன சனங்கள் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்து கொட்டகை வாசலில் சண்டை போட்டார்கள்.

"ஏங்க, உங்க சோப்புல மீனு கொழுத்துப்போச்சு. சட்டியில எண்ணெ அப்படியே நிக்குது" என்றாள் மனைவி.

"எண்ணெயா பரிச்சை எழுதுது? மீனுதான எழுதுது!"

சாயங்காலமானால் தொட்டி முன்னால் உட்கார்ந்துகொள்வார். கொட்டகை, வாடகை, முதுகு வலி என்று எல்லாவற்றையும் முதலாளியிடம் சொல்வார். வாய் திறந்து திறந்து மூடுமே தவிர, அது எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேறு யார் அப்படிக் கேட்டார்கள்?

அதிகாரி வருகிற நாள் வந்தது.

"தொட்டியெல்லாம் பாசி. இதையா அவருக்குக் காட்டுறது? பளபளன்னு இருக்கணும்," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அவர் சட்டை மாற்றப் போனார்.

திரும்பி வந்தபோது கண்ணாடி இருப்பதே தெரியாத அளவுக்குத் தொட்டி பளபளத்தது. வாளியிலிருந்த முதலாளியை அவள் உள்ளே விடவும் அதிகாரி வாசலில் செருப்பைக் கழற்றவும் சரியாக இருந்தது.

அதிகாரி பையிலிருந்து செக்கையும் ஒரு கடிதத்தையும் எடுத்து வைத்தார். சோப்புக்காரர் தன் சோப்பை ஒரு மூடி ஊற்றினார். முதலாளி ஒரு சுற்று வந்தார். அப்படியே மல்லாந்தார்.

"தூங்குது சார்."

"கண்ணத் தொறந்துக்கிட்டா?"

"மீனுக்கு இமை கெடையாது சார்."

"மல்லாக்கவா தூங்கும்?"

சோப்புக்காரர் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார். அதிகாரி கடிதத்தை நகர்த்தினார். "பாக்கி எதுவும் வேணாம்னு ஒரு கையெழுத்து போடுங்க."

சோப்புக்காரர் பேனாவைப் பிடித்தார். கண் தொட்டியிலேயே நின்றது. பணம் போனதற்கு அழுகிறோமா, மீன் போனதற்கா என்று அவருக்கே தெரியவில்லை.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "இவரு சோப்பு சட்டியவே ஒண்ணும் செய்யாதுங்க, மீன என்ன செய்யப்போவுது? இதப் போட்டுத் தேச்சா பாசிகூடப் போகல. அப்புறம்தான் உங்க இலைப் படம் சோப்ப எடுத்துத் தொட்டியத் தேச்சேன். எத்தன தடவ அலசினாலும் வழவழப்பு போகவே இல்ல!"

அதிகாரி அலமாரியைப் பார்த்தார். எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினார். பேனாவுக்கு அடியிலிருந்த கடிதத்தை உருவிக் கிழித்துப் பைக்குள் போட்டார். இலைப் படம் போட்ட பாட்டிலையும் பைக்குள் போட்டார். பிறகு செக்கைச் சோப்புக்காரர் கையில் திணித்துவிட்டு, மெல்லிய குரலில் கேட்டார்:

"மீனுக்கு வயசாயிடுச்சு, அதான் போயிடுச்சு. இல்லீங்களாம்மா?"