பண்டாரவளைக் கிளை பிறந்த கதை

ஒரு சங்கம் எப்படி வளர்ந்தது என்பதை அதன் ஆண்டு மலரில் மட்டும் தேடக்கூடாது. எங்கள் முதியோர் உதவிச் சங்கத்தின் மலரில், 'மக்களின் தேவையை ஆராய்ந்து, பண்டாரவளைக்கும் சேவை விரிவாக்கப்பட்டது' என்று போட்டிருக்கிறது. ஆராய்ந்தவன் நான்தான். ரயில் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஆராய்ந்தேன்.

அப்போது சங்கம் என்பது ஹாலிஎலயில் நசீர் நானாவின் துணிக்கடைப் பின்பக்கமும் ஓர் அடுப்பும்தான். தெமோதரைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில், பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட, தனியாக இருந்த வயதானவர்களுக்குப் பகல் சாப்பாடு கொடுப்பதென்று முடிவானது. முதல் நாள் சோற்றுப் பார்சல்களை ரயிலில் கொண்டுபோகும் பொறுப்பு எனக்கு. கொஞ்ச தூரம்தான், பார்த்து இறங்கினால் போதும் (கைக்குழந்தைகூடச் செய்துவிடும்).

மடியில் பை இதமாகச் சுட்டது. வெளியே பனிமூட்டம் தேயிலைச் சரிவில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்துகொண்டே கனவு காணத் தொடங்கினேன். சங்கத்துக்கு மாடிக் கட்டடம். மேடையில் எனக்கு ரோஜா மாலை. ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது, வளைந்தது, எங்கோ நின்றது, புறப்பட்டது. நான் ஏற்புரையில் இருந்தேன். கைதட்டல் அடங்கியபோது வெளியே 'எல்ல' என்ற பலகை தெரிந்தது, தெமோதரைக்கு அடுத்த ஊர். பைகளைத் தூக்குவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

போனில் நசீர் நானா.

"தம்பி, தெமோதரையில எல்லாரும் தட்டோட காத்துக்கிட்டு இருக்காங்களாம். எங்க நிக்கிறீங்க?"

"நிக்கல நானா. போய்க்கிட்டிருக்கேன்."

பண்டாரவளையில் இறங்கி பஸ்ஸுக்கு ஓடினேன். ஸ்டேஷன் சுவரோரம் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரைக் கருவாட்டு வாசம் எழுப்பிவிட்டது.

"யாருக்கு தம்பி இந்தச் சோறு?"

"வயசானவங்களுக்குங்க."

"எனக்கு என்ன வயசு இருக்கும்னு நெனைக்கிறீங்க?"

ஒரு பார்சலைக் கொடுத்தேன். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கும் வயதாகியிருந்தது.

வெறும் பைகளோடு தெமோதரைக்குப் போய்ச் சேர்ந்தேன். லயத்து வாசலில் மாரியாயி என்ற வயதான அம்மா கழுவிய தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"சோறு வருதுன்னு காலையில ரொட்டிகூட சுடல தம்பி" என்றார், கோபமே இல்லாமல். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது. அவரே எழுந்து மாவைப் பிசைந்தார், பக்கத்து வீட்டார் தேங்காய்ச் சம்பல் அரைத்தார்கள். எனக்கும் ஒரு ரொட்டி கிடைத்தது (வெட்கம் வேறு, வயிறு வேறு).

மறுநாள் பண்டாரவளை ஸ்டேஷன் சுவரோரம் நேற்றைவிடப் பெரிய கூட்டம் காத்திருந்ததாம். நசீர் நானா என்னை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, இரண்டாவது அடுப்பு வாங்கினார். இப்போது இரண்டு ஊருக்கும் சங்கத்தின் வேன் போகிறது. சாவியை மட்டும் என்னிடம் தருவதில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கொழும்பு ரயில் ஏறினோம். வழியனுப்ப வந்த நசீர் நானா என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. என் மனைவியிடம்தான் பேசினார்.

"தங்கச்சி, வழியில சாப்பிட ஏதும் கட்டியிருந்தா நீங்களே வச்சுக்கங்க. இவர் கையில குடுத்தா கொழும்புலயும் கிளை தொறக்கணும். நமக்குக் கட்டாது."