நெர்வா வரும் வழி

மகளுக்கு நிச்சயம் முடியும்வரை ரோமாபுரிப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று சாமி அறையில் சூடம் அணைத்து முனியாண்டி சத்தியம் செய்தார். அணைத்த கையின் சூடு ஆறுவதற்குள் அதே கையால் போனைத் தட்டி நெர்வாவை வாங்கிவிட்டார்.

நெர்வா என்பவர் ரோமாபுரியைக் கொஞ்ச காலம் ஆண்ட கிழட்டுச் சக்கரவர்த்தி. கழுகு மூக்கு, மெலிந்த கழுத்து. அவர் முகம் பதித்த வெள்ளிக் காசு ஒன்று இங்கிலாந்தில் ஒரு வியாபாரியிடம் இருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து முனியாண்டிக்குச் சோறு இறங்கவில்லை.

மெர்லிமாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, செம்பனை ஆலையில் ஸ்டோர் கணக்கெழுதும் கிராணியாக இருந்து, போன வருஷம் ஓய்வு பெற்றவர் முனியாண்டி. மற்றவர்கள் ஓய்வு பெற்றால் மீன் பிடிக்கப் போவார்கள், புறா வளர்ப்பார்கள். இவர் ரோமாபுரிச் சக்கரவர்த்திகளின் காசு சேர்த்தார். பச்சை வெல்வெட் போட்ட மரப்பெட்டியில் ராஜாவுக்கு ஒரு குழி. சரித்திரத்தில் நல்ல ராஜாக்கள் என்று பேர் வாங்கியவர்கள் ஐந்து பேர். அவர்களில் ட்ராஜன், ஹாட்ரியன், அந்தோனினஸ், மார்க்கஸ் அவுரேலியஸ் ஆகிய நால்வரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முதல்வரான நெர்வாவின் குழி மட்டும் முன்பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது.

"அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க மிளகு குடுத்து இந்தக் காச வாங்குனாங்க, மோகனா" என்று மனைவியிடம் பெருமையாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

"அவங்க மிளகு குடுத்துக் காசு வாங்குனாங்க. காசு குடுத்துக் காசு வாங்குற ஒரே ஆளு நீங்கதான்."

மோகனா டவுனில் பாலர் பள்ளி டீச்சர். வாயைத் திறக்காத பிள்ளைக்கும் ஊட்டிவிடத் தெரிந்தவள். மகள் சுரேகாவைக் கேட்டுச் சிரம்பானிலிருந்து ஒரு நல்ல இடம் வந்ததிலிருந்து அவளுக்கும் நிம்மதி இல்லை.

"அவங்க வீடு பாக்க வர்றாங்க. கேட்டுல துரு. லோங்காங்குல சாக்கடைத் தண்ணி போகல, செடி மொளச்சு நிக்குது. இந்த வீட்டப் பாத்துட்டு யாரு பொண்ணு எடுப்பா?"

"ஆள் புடிச்சு செய்வோம்லா."

"ஆள் புடிக்கிற காசெல்லாம்தான் ராஜாவாப் போயிருச்சே. நீங்களே செய்ங்க."

"இடுப்பு வலி, மோகனா."

அந்தப் பேச்சு முற்றித்தான் சூடம் வரைக்கும் போனது. வேலை செய்வதைவிடச் சத்தியம் செய்வது சுலபம் என்று அதைச் செய்து வைத்தார்.

நெர்வாவை வீட்டுக்குள் கொண்டுவரும் வழியை முனியாண்டி நன்றாக யோசித்திருந்தார். பார்சல் என்றால் வழியெல்லாம் மெசேஜ் வரும். வீட்டு விலாசத்தோடு கொடுத்திருப்பது மோகனா நம்பர், மெசேஜ் எல்லாம் அவள் போனுக்குத்தான் வரும். ஆகவே சாதாரணத் தபாலில், சின்னக் கவரில் போடுங்கள், மெசேஜ் எதுவும் வேண்டாம் என்று வியாபாரிக்கு எழுதினார். மனுஷன் திருந்திவிட்டான் என்று வீடு நம்ப வேண்டுமே, அதற்காகக் காசுப் பெட்டியைத் தொடுவதையும் விட்டுவிட்டார். தபால்காரன் வரும் நேரத்தில் வாசலில் நின்றால் போதும்.

நின்றார். வெறுமனே நிற்கிறவரை யாராவது சந்தேகப்படுவார்களே என்று கையில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டார்.

பள்ளி முடிந்து வந்த மோகனா ஸ்கூட்டரை நிறுத்திப் பார்த்தாள். "என்னங்க, செம்பருத்திக்கு இவ்வளவு தண்ணியா? அது என்ன மீனா?"

"சும்மா நிக்கிறேன், காத்து வாங்க."

"நிக்கிறதுதான் நிக்கிறீங்க, அந்த லோங்காங்க ஒரு தட்டு தட்டிவிட்டா என்ன?"

மறுத்தால் உள்ளே போகச் சொல்வாள். முனியாண்டி மண்வெட்டியை எடுத்தார். லோங்காங்கில் முழங்கால் அளவு இறங்கியபோது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அலறியடித்து ஏறிப் பார்த்தார். யாரோ கோழி வாங்கிக்கொண்டு போனார். மெர்லிமாவில் மோட்டார் சைக்கிளுக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஏறினார், இறங்கினார். தபால்காரன் திலீப் கடைசியாக வந்து, "வணக்கம் அங்கிள்" என்று கையை ஆட்டிவிட்டு நிற்காமல் போனான். லோங்காங்கில் மட்டும் தண்ணீர் ஓடியது.

அடுத்தடுத்த நாட்களில் நெர்வா வரவில்லை. சும்மா நிற்க முடியாமல் கேட்டின் துருவைச் சுரண்டினார். சுரண்டிய கேட்டைப் பார்த்த மோகனா பெயிண்ட் டின் ஒன்றை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். கேட்டுக்கு அடித்தபின் வேலி பழசாகத் தெரிந்தது. வேலிக்கு அடித்தபின் சுவர் பழசாகத் தெரிந்தது. சாலையோரப் புல்லை வெட்டினார். ஏணி வைத்து ரம்புத்தான் கிளையைக் கழித்தார், உச்சியிலிருந்து பார்த்தால் தபால்காரன் வருவது முனையிலேயே தெரியும் என்பதற்காக.

பக்கத்து வீட்டு அன்னம்மா வேலியோரம் வந்து நின்றாள். "என்ன தம்பி, இடுப்பு வலின்னு கேள்விப்பட்டேன்?"

"இப்ப பரவாயில்ல அக்கா."

"எங்க வீட்டு ஆளும்தான் இருக்காரு, டிவிக்கு முன்னால. மோகனா குடுத்து வச்சவ."

உண்மையில் இடுப்பு முறிந்துகொண்டிருந்தது. அதைவிட மனசு. தபாலில் தொலைந்துவிட்டதோ? வேறு வீட்டில் போட்டுவிட்டானோ? ஏதாவது பிள்ளை பிரித்துப் பார்த்து, பழைய காசு என்று கடையில் கொடுத்து மிட்டாய் கேட்டிருக்குமோ? யாரிடமும் கேட்க முடியாது. திலீப் சின்ன வயதில் மோகனாவிடம் படித்தவன். கேட்டால் டீச்சருக்குப் போய்விடும். நெர்வாவுக்காக முனியாண்டி நெர்வஸாகவே வாழ்ந்தார். சாப்பிடும்போதும் காது வாசலிலேயே இருந்தது.

ஒருநாள் போதும் என்று வெறுத்துப்போய்ப் பிரஷ்ஷை வீசிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். மோகனாவுக்கு அன்று பள்ளி லீவு. அறை வாசலில் வந்து நின்றாள்.

"படுத்துட்டீங்களா? சிரம்பான்ல இருந்து ஜாதகம் தபால்ல வரும்னாங்க. நீங்க வெளிய இருந்தா வாங்கி வைப்பீங்கன்னு நெனச்சேன்."

முனியாண்டி எழுந்து உட்கார்ந்தார். தபாலை எதிர்பார்க்க இப்போது சட்டப்படியே ஒரு காரணம் கிடைத்துவிட்டது. துள்ளிக்கொண்டு வெளியே போனவர் அன்று கார் நிறுத்துமிடத்துத் தரை முழுவதையும் தேய்த்துக் கழுவினார்.

சிரம்பான்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கேட்டிலேயே நின்றுவிட்டார். வேலியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், லோங்காங்கைக்கூடக் குனிந்து பார்த்தார்.

"யாரு செஞ்சது, கண்ட்ராக்டா?"

"எங்க வீட்டுக்காரருதான், அண்ணே" என்றாள் மோகனா. "காலையில எழுந்தா ராத்திரி வரைக்கும் உக்கார மாட்டாரு."

"இப்படி ஒரு மனுஷன் இருக்குற வீட்டுல சம்பந்தம் பண்ண நாங்க குடுத்து வச்சிருக்கணும்." அங்கேயே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். சுரேகா வெட்கத்துடன் சிரித்தாள். முனியாண்டிக்கும் சந்தோஷம்தான். தாம்பூலத் தட்டை வாங்கும்போது தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போக, தட்டோடு திரும்பினார். பாக்கு உருண்டு ஓடியது.

மறுநாள் பொறுக்க முடியாமல் திலீப்பை வழிமறித்தார். நிச்சயம் முடிந்துவிட்டது, சத்தியமும் முடிந்தது, இனி என்ன பயம்.

"தம்பி, இங்கிலாந்துல இருந்து எனக்கு ஒரு கவர் வரணும்."

"அது எப்பவோ வந்துருச்சே, அங்கிள். கேட்டு சுரண்டுறதுக்கு முன்னாடியே."

"யார்கிட்ட குடுத்த?"

"டீச்சர்கிட்டதான். ஒங்க வீட்டுத் தபாலெல்லாம் நான் பாலர் பள்ளியிலதான் குடுப்பேன். எனக்கு அந்த ரோடு முன்னால வரும். நீங்க வேலைக்குப் போன காலத்துல இருந்தே அப்படித்தான்."

முனியாண்டி புது பெயிண்ட் மின்னும் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார். நேராக அடுப்படிக்குப் போனார். மோகனா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என் கவரு எங்க?"

"எந்தக் கவரு? சத்தியம் பண்ணவருக்கு ஏது கவரு?"

"மோகனா."

"பெட்டியத் தொறந்து பாத்தீங்களா?"

ஓடிப்போய்த் திறந்தார். முதல் குழியில் கழுகு மூக்கோடு நெர்வா உட்கார்ந்திருந்தார். தலை நேராக, துடைத்து, அழகாக. வந்த அன்றே வைத்திருக்கிறாள். இவர் வாசலில் நின்ற காலமெல்லாம் அவர் உள்ளேதான் இருந்திருக்கிறார்.

கோபப்படலாம் என்று திரும்பி வந்தார். ஆனால் ஐந்து ராஜாக்களும் வரிசையாக இருந்ததைப் பார்த்தபின் கோபம் சரியாக வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்து மோகனாவே ஆரம்பித்தாள்.

"கவருல அந்த வியாபாரி விலாசம் இருந்துச்சு. நல்ல மனுஷன், எழுதுனா ஒடனே பதில் போடுறாரு. இவருக்கு முந்தி ஆண்ட ராஜாவ நானே அனுப்பச் சொல்லிட்டேன். ஏதோ டொமிஷியனாம்."

முனியாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷமாக இவளைத் தப்பாகப் புரிந்துகொண்டோமே என்று தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்து அவரும் ஒரு வெங்காயத்தை எடுத்தார்.

"எப்ப வரும், மோகனா?"

"பின்பக்கச் சுவத்துல பெயிண்ட் காஞ்சதும் வந்துரும்."