அரக்கு வைத்த பெட்ரோல் டாங்க்

மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவனுக்கெல்லாம் அதைப் பழுது பார்க்கவும் தெரியும் என்று ஒரு வயதில் தோன்றும். சிலருக்கு அது சீக்கிரம் தெளிந்துவிடும். எனக்குத் தெளிய ஒரு பிரசவம் தேவைப்பட்டது.

அறுபதுகளின் தொடக்கம். கொடைக்கானல் பஜாரில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் அவருடைய பழைய மோட்டார் சைக்கிளை வாங்கியிருந்தேன். (வாங்கியது நான், தள்ளியது பஜார் முழுவதும்.) மேடு ஏறும்போதெல்லாம் டாங்க் மூடியிலிருந்த பொடி ஓட்டை வழியாகப் பெட்ரோல் தெறித்து என் பேண்ட்டை நனைக்கும். பார்சலுக்கு வைக்கும் அரக்கை உருக்கி ஊற்றி அந்த ஓட்டையை அடைத்தேன். வண்டியைச் செய்தவனுக்கே தோன்றாத யோசனை எனக்குத் தோன்றிவிட்டதே என்று பெருமை தாங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் பூம்பாறையிலிருந்து பூண்டு ஏற்றிவந்த லாரி டிரைவர் மண்டிக்குள் ஓடிவந்தார்.

"தம்பி, ஒங்க அக்காவுக்கு வலி கண்டுருச்சு. அங்க மருத்துவச்சி காய்ச்சல்ல கெடக்கு. வெரசா ஒரு நர்ஸக் கூட்டியாரச் சொன்னாரு ஒங்க மச்சான்."

அவருடைய லாரி கீழே வத்தலக்குண்டுக்குப் போகிறது. அக்கா இருக்கும் பூம்பாறைக்குப் பஸ் மறுநாள்தான். அம்மா இல்லாத வீட்டில் என்னை வளர்த்தவள் அக்கா. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

ஸ்டெல்லா சிஸ்டர் பையோடு வெளியே வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"இது போயிருமா தம்பி?"

"பறக்கும் சிஸ்டர்."

ஊர் எல்லையைத் தாண்டியதும் அது இருமியது, விக்கியது, நின்றது. மூடியைத் திறந்து பார்த்தேன். பெட்ரோல் நிறைய இருந்தது. மூடினேன். பிளக்கைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்து மாட்டி உதைத்தேன். கிளம்பிவிட்டது!

"பிளக்தான் சிஸ்டர்."

கொஞ்ச தூரத்தில் மறுபடி விக்கல். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, கார்புரேட்டரைக் கழற்றி ஊதினேன். கிளம்பியது. "அழுக்கு சிஸ்டர்." அடுத்த தடவையும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, பெட்ரோல் குழாயை உருவிச் சுத்தம் செய்தேன். "குழாய் அடைப்பு சிஸ்டர்." நாலாவது தடவை, சொல்வதற்கு வண்டியில் பாகம் மிச்சமில்லை. மஞ்சு வேறு இறங்கி ரோட்டை மூடியது. அக்கா அங்கே என்ன பாடு படுகிறாளோ!

சிஸ்டர் இறங்கி வந்து தாமே மூடியைத் திறந்தார். 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது.

"தம்பி, நீங்க இதுவரைக்கும் எதையும் ரிப்பேர் பண்ணல. ஒவ்வொரு தடவையும் மூடியத் தொறந்தீங்க, அதான் ஓடுச்சு. குளுக்கோஸ் பாட்டில்ல காத்துக்கு ஒரு ஊசி குத்தலன்னா சொட்டுகூட எறங்காது. இந்த டாங்குக்குக் காத்து எது வழியாப் போகும்?"

"ஓட்டை இருந்துச்சு சிஸ்டர்."

"இருந்துச்சுன்னா?"

"நான்தான்... அரக்கு வச்சேன்."

அவர் திட்டவில்லை. கொண்டையிலிருந்து ஊசியை எடுத்துக் குத்தினார். அரக்கு அசையவில்லை, ஊசிதான் வளைந்தது.

"மூடிய லேசா வச்சுட்டு ஓட்டுங்க. போற வழிக்கு நான் ஜெபம் பண்ணிக்கிறேன்."

ஓட்டினேன். வண்டி ஒரு தடவைகூட விக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் டாங்க் என் மடியில் அபிஷேகம் செய்தது. பொழுது சாயும் நேரத்துக்குப் பூம்பாறை போய்ச் சேர்ந்தபோது இடுப்புக்குக் கீழே நான் முழுக்கப் பெட்ரோல். சிஸ்டர் பையோடு உள்ளே ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். மச்சான் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலை மறித்தார்.

"மாப்ளே, அங்கயே நில்லுங்க! உள்ள அடுப்பு எரியுது, விளக்கு எரியுது. நீங்க வந்தா வீடே பத்திக்கிரும்!"

படிப்படியாக இறங்கும் பூண்டு வயலில், வீட்டுக்கு இரண்டு படி கீழே நிறுத்தப்பட்டேன். கால் குளிரில் விறைத்தது. அக்காவின் முனகல் கேட்கும்போதெல்லாம் பழனி முருகனுக்கு ஒரு மொட்டை நேர்ந்துகொண்டேன். (இருந்தது ஒரே தலை என்பது அப்போது நினைவில் இல்லை.) கடைசியில் அந்த மலைச்சரிவே எழுந்து உட்காரும்படி ஒரு குழந்தை வீறிட்டது.

சிஸ்டர் வாசலுக்கு வந்து கத்தினார். "பொம்பளப்புள்ள! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நீங்க கிட்ட வராதீங்க!"

வயலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அன்று பிறந்த பெண் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். இன்றும் எங்கள் குடும்பத்து விசேஷங்களில் குத்துவிளக்கு ஏற்றத் தீப்பெட்டியை உரசும் நேரத்தில் ஏதாவது ஒரு வாண்டு குரல் கொடுக்கும்:

"தாத்தாவக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க!"

சபையே சிரிக்கும். நானும் மரியாதையாக இரண்டடி பின்னால் நகர்ந்துகொள்வேன்.