தண்ணி குடிக்காத போட்டு

நடு ஏரியில் ஸ்பீட் போட்டு அலற ஆரம்பித்தது. ஆளைக் கூப்பிட அடிக்கிற ஹாரன் இல்லை. எஞ்சின் சூடேறினால் தானாகக் கத்துகிற அலறல். லிங்கசாமி சாவியைத் திருப்பி அணைத்தார். முன்னால் உட்கார்ந்திருந்த திருப்பூர்க் குடும்பம் லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

“ஏனுங்க, முழுகுதுங்களா?”

“முழுகுறதுன்னா சத்தமில்லாம முழுகுமுங்க. இது கத்துதில்ல? சும்மா உக்காருங்க.”

இதைவிட ஆறுதலாகப் பேச லிங்கசாமிக்கு வராது.

மஞ்சூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட். அதன் பள்ளத்தில் ஏரி. கொச்சியில் எவனோ பணக்காரன் ஓட்டி அலுத்துப்போன ஸ்பீட் போட்டை முதலாளி ஆண்ட்ரூ வாங்கி வந்து அதில் விட்டிருந்தார். எஞ்சின் உள்ளே இருக்கும். பின்னால் கால் மாதிரி ஒன்று தண்ணிக்குள் தொங்கும். கால் நுனியில் விசிறி. காலின் இரண்டு பக்கமும் சல்லடை போலப் பொடிப்பொடி ஓட்டைகள். அந்த ஓட்டை வழியாக ஏரித் தண்ணியை உறிஞ்சித்தான் எஞ்சின் தன் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். இத்தனை பெரிய எஞ்சினுக்கு இத்தனூண்டு வாயா என்று முதல் நாளே லிங்கசாமிக்குச் சந்தேகம். அவருக்கு எதில்தான் சந்தேகம் இல்லை?

பெடல் போட்டில் வந்து கயிறு கட்டிக் கரைக்கு இழுத்தார்கள். மேனேஜர் கீர்த்திவாசன் போனும் கையுமாகக் காத்திருந்தான். கோயமுத்தூரில் படித்தவன். எதைக் கேட்டாலும் போனைப் பார்த்துச் சொல்வான்.

“லிங்கண்ணா, சனிக்கிழமை முதலாளி வர்றாருங்க. அன்னிக்கும் இது நின்னுச்சுன்னா வித்துட்டு, இன்னும் நாலு பெடல் போட்டு வாங்கிக்கலாம்னு சொல்லிட்டாரு.”

“அப்புறம் நான்?”

“கரையில நின்னு லைஃப் ஜாக்கெட் மாட்டி விடலாமுங்க.”

லிங்கசாமிக்குக் காது சூடானது. இத்தனை வருசம் இலை லாரி ஓட்டி, கடைசியில் ஊரே வேடிக்கை பார்க்க ஸ்பீட் போட்டு ஓட்டுகிறவர். அவர் போய்க் கண்டவன் வயிற்றில் பக்கிள் மாட்டுவதா?

தண்டவாளத்தில் வின்ச் வைத்து இழுத்து, போட்டை ஷெட்டுக்குள் ஏற்றினார்கள். பனிக்காலத்தில் தினமும் ராத்திரி அது அங்கேதான். லிங்கசாமி குனிந்து காலைத் தடவினார். ஓட்டைகளுக்குள் கறுப்பாக, நார்நாராக என்னவோ. கம்பியால் நோண்டி இழுத்துப் போட்டார்.

“பாசி! நான் சொல்லல?”

“பாசியாங்க இது? நாராட்டம் இருக்குதே” என்றான் கீர்த்திவாசன்.

“நீ போனுல பாசி பாத்தவன். நான் ஏரியில பாத்தவன்.”

மத்தியானம் இறக்கி ஓட்டினார்கள். போட்டு அம்பாகப் பறந்தது. லிங்கசாமி மீசையைத் தடவிக்கொண்டு ஷெட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். அங்கே இப்போது காற்றே இல்லை. போன வாரம் கத்திய கத்தலுக்கு அந்த மட்டும் பலன். அதற்கு முன் தகரச் சுவரெல்லாம் பொத்தல். பனிக்காற்று புகுந்து அவர் முழங்காலைப் பிடித்தது. ஷெட் பெருக்கிப் பூட்டுகிற காளியம்மாளோ, “அண்ணா, இதை அடைக்கட்டுங்களா? அதை அடைக்கட்டுங்களா?” என்று பொத்தலுக்கு ஒரு தரம் வந்து நின்றாள். “ஓட்டையைக் கண்டா அடை! எங்கிட்டக் கேட்டுட்டு நிக்காதே!” என்று எரிந்து விழுந்தார். அன்றிலிருந்து அவள் எதையும் கேட்பதில்லை.

மறுநாள் காலை, மூடுபனி விலகுமுன் போட்டை இறக்கி ஏரி நடுவுக்குப் போனார். மறுபடியும் அலறல்.

கரையில் பிராங்ளின் நின்றிருந்தான். குன்னூர்க்காரன், வெல்டர், கை சுத்தமான வேலைக்காரன். கீர்த்திவாசன் வரச் சொல்லியிருந்தான்.

“அண்ணா, மொதல்ல அந்தக் கால் ஓட்டையைப் பாத்துருவமா?”

“நேத்துத்தான் என் கையால சுத்தம் பண்ணினேன். என் கையையே சந்தேகப்படுறியா?”

பிராங்ளின் எடுத்த கம்பியைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டான். வேறு வழி என்ன என்று கீர்த்திவாசன் போனைத் தேய்த்தான்.

“வேகமாப் போற போட்டுக்கெல்லாம் கால் ஓட்டை பத்தாதாமுங்க. அடிப்பலகையில ஓட்டை போட்டு, கரண்டி மாதிரி ஒரு மூடி வெச்சா, போற வேகத்துல தண்ணி தானா ஏறிக்குமாம்.”

“போட்டுக்கு அடியில ஓட்டையா? யாராச்சும் கேட்டாச் சிரிப்பாங்க.”

“அமெரிக்காவுல போடறாங்க.”

“அவங்களுக்கு நீச்சல் தெரியும்.”

இருந்தாலும் சனிக்கிழமை நெருங்கியது. பிராங்ளின் அடிப்பலகையைத் துளைத்துக் கரண்டி மூடி வைத்தான். சாயங்காலம் ஓட்டிப் பார்த்தார்கள். எஞ்சின் பச்சைத் தண்ணியில் குளித்தவன் போலக் குளுகுளுவென்று ஓடியது. பலகை ஓரம் கொஞ்சம் கசிந்தது. கொஞ்சம்தானே என்று ஒரு பக்கெட்டை உள்ளே போட்டு வைத்தார்கள்.

மறுநாள் காலை ஏரி நடுவில் மறுபடி அலறல். இந்தத் தடவை கணுக்கால் வரை தண்ணியும். எஞ்சினுக்குப் போக வேண்டிய தண்ணி லிங்கசாமியின் செருப்புக்குள் போயிருந்தது. ஒரு கையால் தண்ணியை மொண்டு ஊற்றிக்கொண்டு, இன்னொரு கையால் ‘வாங்கடா’ என்று சைகை காட்டினார். பெடல் போட்டில் தேனிலவுக்கு வந்த ஜோடி ஒன்று அவருக்குச் சந்தோசமாகக் கையாட்டிவிட்டுப் போனது.

கரைக்கு வந்ததும் வெடித்தார். “ஒரு எஞ்சின் சாயங்காலம் குடிக்குது, விடியக்கால குடிக்க மாட்டேங்குது! இதென்ன எஞ்சினா, எம் மச்சானா?”

“குளிருக்குங்களோ?” என்றான் பிராங்ளின்.

“ஒவ்வொரு ராத்திரியும் எவனோ கை வெக்கிறான்” என்று லிங்கசாமி கீர்த்திவாசனை முறைத்தார். “போட்டு வித்தா யாருக்கு லாபம்னு எனக்குத் தெரியும்.”

“எனக்கென்னங்க லாபம்? நானே ஊட்டுக்குப் போகாம இங்க நிக்கிறேன்!”

“எஞ்சின் தொடைக்க வெச்சிருந்த வேஸ்ட் துணியைக் கூடக் காணோம்ணா” என்று பிராங்ளின் எரிகிற தீயில் எண்ணெயை ஊற்றினான்.

“பாத்தியா! துணியையும் விட்டு வெக்கல!”

கீர்த்திவாசன் கடைசி வழியைச் சொன்னான்: அடியும் வேண்டாம், காலும் வேண்டாம், பின்பலகையில் ஒரு குழாய். வாய் முன்பக்கம் பார்த்து வளைந்திருந்தால் ஓட்டத்தில் தண்ணி அள்ளும். பிராங்ளின் ஒன்றரை விரல் குழாய் போதும் என்றான். லிங்கசாமி ஒத்துக்கொள்ளவில்லை. பழைய இலை லாரியின் சைலன்சர் குழாயை எடுத்து வந்து முன்னால் போட்டார்.

“இதை வெய்யி.”

“அண்ணா, இதுக்குள்ள கையே போகும்!”

“போகட்டும். வாய் சின்னதா வெச்சு வெச்சுத்தான் இந்தக் கதி.”

அடி ஓட்டையின் கசிவை உள்ளேயிருந்தே அடைத்துக் குழாயையும் பொருத்தி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓட்டிப் பார்த்தார்கள். தண்ணி எஞ்சினுக்குள் பாய்ந்து, மிச்சம் பின்பக்கம் பீறிட்டு, கரையில் நின்ற கீர்த்திவாசனைத் தலையோடு நனைத்தது. அவன் போன் நின்றுபோனது. லிங்கசாமி அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

“இப்பக் குடிக்குதில்ல!”

சனிக்கிழமை முதலாளிக்குப் போர்த்த வாங்கியிருந்த சரிகைப் பொன்னாடையை ஷெட் அலமாரியில் வைத்துவிட்டு, போட்டையும் ஏற்றிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போனார். பெருக்கிப் பூட்டக் காளியம்மாள் விளக்குமாற்றோடு உள்ளே போனாள்.

காலையில் அலமாரியைத் திறந்தால் பொன்னாடை இல்லை.

“எங்கடா?”

“எனக்கெப்படீங்க தெரியும்?” என்றான் கீர்த்திவாசன்.

“முதலாளி முன்னால என்னை வெறுங்கையோட நிக்க வெக்கோணும், அதானே உம் பிளான்?”

பதில் சொல்லுமுன் ஜீப் வந்துவிட்டது. ஆண்ட்ரூ குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டே இறங்கினார். லிங்கசாமி பொன்னாடை இல்லாத கையால் கும்பிட்டார். குனிந்து குழாயை ஒரு பார்வை பார்த்திருக்கலாம். ஆனால் மூடுபனி, காலைக் குளிரில் முதுகு வேறு வளையாது, அதுவும் தானே தேர்ந்தெடுத்த குழாய். அதைப் போய்ச் சந்தேகப்படுவாரா?

“ஏறுங்கய்யா. எப்படிப் பறக்குதுன்னு பாருங்க.”

பறந்தது. சரியாக ஏரியின் ஆழமான இடம்வரை பறந்தது. பிறகு அலறியது. பிறகு எஞ்சின் மூடியின் இடுக்கில் புகை வந்தது. பிறகு நின்றது.

“லிங்கசாமி...”

“ஒரு நிமிசமுங்க ஐயா.”

“இந்த ஒரு நிமிசத்தைத்தான் கீர்த்தி ஒரு வாரமாச் சொல்றான்.”

அவர்களை இழுத்து வந்தது அன்னப்பட்சி மாதிரிச் செய்த பெடல் போட்டு. அன்னம் முன்னால் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு வர, பின்னால் கயிற்றில் அமெரிக்க வழியில் ஓட்டை போட்ட ஸ்பீட் போட்டு. கரையில் இலை பறிக்கிற பொம்பளைகள் கூடையோடு வரிசையாக நின்று பார்த்தார்கள். எவளோ சீழ்க்கை அடித்தாள்.

ஆண்ட்ரூ இறங்கினார். “கீர்த்தி, வாங்குறதுக்கு ஆள் பாத்துரு. லிங்கசாமி நாளையிலிருந்து லைஃப் ஜாக்கெட்.”

“ஐயா, அவசரப்படாதீங்க!” லிங்கசாமி ஓடி வந்து குறுக்கே நின்றார். “போட்டுல குத்தமே இல்லீங்க. நான் மூணு விதமா வாய் வெச்சிருக்கேன். சாயங்காலம் மூணும் குடிக்குது. ராத்திரி யாரோ உள்ள பூந்து என்னமோ பண்றாங்க. இங்க திருட்டுக் கும்பல் இருக்குதுங்க ஐயா! வேஸ்ட் துணி போச்சு. உங்களுக்குன்னு ஆசையா வாங்கி வெச்ச பொன்னாடையே போச்சு! ராத்திரி இந்த ஷெட்டுக்குள்ள வந்த திருடன் மட்டும் எங்கைக்குக் கெடச்சான்...”

வேலைக்கு அப்போதுதான் வந்த காளியம்மாள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு, விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு முன்னால் வந்து நின்றாள்.

“ஏனுங்கண்ணா, யாரைத் திருடிங்கிறீங்க? ஓட்டையக் கண்டாக் கேக்காம அடைன்னு சொன்னது நீங்க; நீங்க தெனம் ஒண்ணு புதுசாப் போடுறீங்க, நானும் தெனம் குச்சியால குத்திக் குத்தி அடைச்சுட்டுத்தானுங்க ஊட்டுக்குப் போறேன், நேத்து அந்தப் பெரிய ஓட்டைக்குச் சாக்குப் பத்தாமப் பொன்னாடையச் சுருட்டி வெக்க வேண்டியதாப் போச்சு!”