பெயருக்குப் பின்னால் எண்பத்தெட்டு

என் புத்திசாலித்தனத்தின் மேல் எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை இருந்த காலம் ஒன்று உண்டு. பிறந்ததிலிருந்து இருபத்தேழு வயது வரை அது நீடித்தது. (பள்ளிச் சான்றிதழ்படி இருபத்தொன்பது. அந்த இரண்டு வருஷத்தில்தான் விஷயமே இருக்கிறது.) அதற்குப் பிறகு ஓர் ஈமெயில் முகவரி வந்து அதை முடித்து வைத்தது.

அப்போது சங்கரன்கோவிலில் ஒரு தனியார் கல்லூரியில் நான் கணினி ஆய்வகப் பொறுப்பாளர். அதாவது, பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் என்னைக் கூப்பிடுவார்கள். சிக்காத நாட்களில் நான் வந்திருக்கிறேனா என்பதே ஒருவருக்கும் தெரியாது. ஒருநாள் பிரிண்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே தாளாளர் அண்ணாச்சி ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

"வே, இனிமே எல்லாருக்கும் நம்ம காலேஜ் பேர்லயே மெயில் வேணும். ஆளுக்கொண்ணு வச்சிருக்காவ. யாரோ ஒருத்தன் அட்ரஸ்ல 'கிங்'னு போட்டிருக்கானாம். வெளிய உள்ளவன் சிரிக்கான்வே."

அந்தக் கிங் நான்தான். அதைச் சொல்லாமல் பொறுப்பை மட்டும் ஏற்றுக்கொண்டு வந்தேன்.

மெயில் சேவைக்காரர்களின் படிவம் முதல் பக்கத்திலேயே கேட்டது: முகவரி எந்த வடிவத்தில் வேண்டும்? பெயர், புள்ளி, குடும்பப் பெயரா? குடும்பப் பெயருக்கு நான் எங்கே போவேன்? நம்மிடம் இருப்பதெல்லாம் முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அப்பாவின் ஒற்றை எழுத்து. சரி, இனிஷியலும் பெயரும் என்று தேர்ந்தெடுத்தேன்.

இதை வேறு எந்த ஊரில் செய்திருந்தாலும் பிழைத்திருப்பேன். எங்கள் ஊரில் பிள்ளைக்குப் பெயர் தேடி யாரும் மெனக்கெடுவதில்லை. பெண் என்றால் அம்பாள் கோமதி பெயர், ஆண் என்றால் சுவாமி சங்கரநாராயணர் பெயர். அறுபத்துநான்கு பேர் வேலை பார்க்கும் கல்லூரியில் ஒன்பது கோமதிகள். அதில் ஆறு பேருடைய அப்பா சங்கரன், அல்லது சங்கரலிங்கம், அல்லது சங்கரநாராயணன். ஆக ஆறு எஸ்.கோமதி. எஸ்.சங்கரநாராயணன் ஐந்து பேர். அதில் தாளாளர் ஒருவர், நான் ஒருவன். முதல் கோமதியை மெயில் மரியாதையாக ஏற்றுக்கொண்டது. இரண்டாவது கோமதியை அடித்ததும், இந்த முகவரி ஏற்கெனவே உள்ளது, வேண்டுமானால் ஓர் எண் சேர்த்துக்கொள் என்றது.

ஒன்று, இரண்டு என்று போடலாம்தான். யார் ஒன்று? இயற்பியல் கோமதி மேடம் ஜூன் மாதம் வேலையில் சேர்ந்தவர். வணிகவியல் கோமதி மேடம் ஆகஸ்டில் சேர்ந்தவர், ஆனால் முனைவர் பட்டம் வாங்கியவர். "நான் எதுக்கு சார் ரெண்டாவதா இருக்கணும்?" என்று இருவரும் தனித்தனியே வந்து, ஒரே கேள்வியை ஒரே குரலில் கேட்டார்கள். இரண்டு நாட்கள் மதியச் சாப்பாட்டுக்கு வேறு வேறு மேஜையில் உட்கார்ந்தார்கள். நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டியதில் எனக்கு ரசம் சாதம் இறங்கவில்லை.

அப்போதுதான் அந்த அற்புதமான யோசனை உதித்தது. பணிப்பதிவேட்டில் எல்லோருடைய பிறந்த வருஷமும் இருக்கிறது. கடைசி இரண்டு எண்ணைப் பெயருக்குப் பின்னால் போட்டுவிட்டால் யார் பெரியவர், யார் சின்னவர் என்ற சண்டையே இல்லை. பிறந்த வருஷத்தோடு யாராவது சண்டைக்கு வர முடியுமா? (வர முடியும். அதை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.) அறுபத்துநான்கு முகவரிகளையும் அடித்து, ஒரு பிரதி எடுத்து, எல்லோரும் பார்க்க வசதியாக அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினேன்.

ஒட்டிவிட்டு, என் புது முகவரியிலிருந்து முதல் கடிதத்தை அனுப்பினேன். அதுதான் என் ஜாதகம்.

அதைச் சொல்ல வேண்டும். பனவடலிசத்திரத்தில் ஓர் உறவுக் கல்யாணத்தில் பூங்கொடியைப் பார்த்திருந்தேன். பந்தியில் பாயசம் ஊற்ற வந்தவரிடம், "முதல்ல சோத்தக் கொண்டாங்க, பெறகு பாயசத்தப் பாப்போம்" என்று அவள் சொன்ன விதத்திலேயே எனக்குப் பிடித்துப் போயிற்று. அதற்கு முன் மூன்று இடங்கள் தட்டிப் போயிருந்தன. அப்போதெல்லாம் வராத பயம் இந்த முறை வந்தது. இது தட்டிப் போகக் கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் அப்பா வாசுதேவநல்லூரில் இருந்தார், வி.ஏ.ஓ.வாக இருந்து ஓய்வு பெற்றவர். "ஜாதகத்த வாட்ஸ்அப்ல போடுங்க, போதும்" என்றுதான் சொன்னார். வாட்ஸ்அப்பில் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். கல்லூரி பெயர் போட்ட மெயிலில் அனுப்பினால் மாப்பிள்ளையின் கெத்தே தனி அல்லவா? அனுப்பினேன்.

ஜாதகத்தில் என் பிறந்த வருஷம் தொண்ணூறு. அதைச் சுமந்து போன முகவரியில் என் பெயருக்குப் பின்னால் எண்பத்தெட்டு.

பத்தரை மணிக்கு அறிவிப்புப் பலகைக்கு முன்னால் கூட்டம் கூடியது. ஆபீஸ் சூப்பிரண்டு கோமதி அக்கா வந்தார். முகம் ஐம்பது என்று சொல்லும்; அவரும் அதை மறுத்ததில்லை. முகவரி, பிறந்த வருஷமே அறுபது என்றது. அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த கிளார்க், விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அக்கா, அப்ப அடுத்த வருசம் உங்களுக்கு ரிட்டையர்மெண்டா?" என்று மிகுந்த கவலையோடு கேட்டார். அக்கா பலகையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

தாளாளரும் கூப்பிட்டார். "ஏன்வே, அட்ரஸ் போடச் சொன்னா ஊர்க்காரன் ஜாதகத்தையெல்லாம் வெளிய ஒட்டி வச்சிருக்கேரு? நாளைக்குள்ள மாத்தும்."

மாற்றுவதற்குள் வாசுதேவநல்லூரிலிருந்து போன் வந்தது. "தம்பி, ஜாதகத்துல ஒரு வருசம் இருக்கு, அனுப்புன அட்ரஸ்ல ஒரு வருசம் இருக்கு. நான் நாளைக்கு அங்கன வாரேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. வாழ்நாள் முழுக்கப் போலிச் சான்றிதழ்களைப் பிடித்த மனிதரின் அமைதி அது.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். நேராக ஆபீசுக்குப் போய், பதிவேடு யார் பொறுப்பு என்று கேட்டு, கோமதி அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்தார். ஒன்பது கோமதிகளில் யார் கையில் என் கல்யாணம் சிக்கக் கூடாதோ அவர் கையிலேயே சிக்கியது. மற்ற கோமதிகள் கையெழுத்துப் போட வந்ததுபோல ஒவ்வொருவராக உள்ளே வந்து, கையெழுத்துப் போட்ட பிறகும் போகாமல் நின்றார்கள்.

நான் உண்மையைச் சொன்னேன். அண்ணன் தனியாகப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுததால் என்னையும் சேர்த்துக் கொண்டுபோய் விட்டார்கள். எனக்கு மூன்று வயது. கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொடச் சொன்னார் தலைமையாசிரியர். எனக்குக் கை நீளம், தொட்டுவிட்டது. அந்த நிமிஷமே அவர் எனக்கு ஐந்து வயது என்று எழுதிவிட்டார்.

"தொடுங்க, பாப்போம்" என்றார் வி.ஏ.ஓ.

தொட்டேன். கை காதைத் தாண்டித் தாடை வரைக்கும் வந்தது. அந்தக் கோலத்திலேயே, எப்போது இறக்குவது என்று தெரியாமல் நின்றேன். வணிகவியல் மேடமும் இயற்பியல் மேடமும் சண்டைக்குப் பிறகு முதல்முறையாக ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

"கை நீளமாத்தான் இருக்கு. ஆனா ஜாதகத்தத் திருத்தலேன்னு எப்படி நம்புதது?" என்றார் அவர்.

கோமதி அக்கா பதிவேட்டை மூடினார். என் கல்யாணமும் மூடிற்று என்று நினைத்தேன்.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. ஜாதகத்துல ரெண்டு வயசக் கொறச்சவன், உள்ள வயச அட்ரஸ்லயே எழுதியா உங்களுக்கு அனுப்புவான்? நீங்க வாட்ஸ்அப்ல போதும்னு வேற சொல்லியிருக்கிய. ஒருத்தர ஏமாத்துததுக்குக் கொஞ்சமாச்சும் மூளை வேணும்லா? இவனுக்கு உள்ளது காணாது. நேத்து இவன் ஒட்டுன லிஸ்டப் பாத்தியளா? இந்தக் காலேஜே சாட்சி."

வி.ஏ.ஓ. என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். நான் இன்னும் காதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அவர் முகத்தில் சந்தேகம் விலகி நிம்மதி பரவியது. அவ்வளவு சீக்கிரம் பரவியிருக்க வேண்டாம். "அதுவும் சரிதான்" என்று எழுந்து, என் தோளில் தட்டி, "கையக் கீழ போடுங்க மாப்ள" என்றார்.

அந்த 'மாப்ள' காதில் விழுந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவமானமா சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க அப்போது நேரமில்லை.

அன்று மாலையே முகவரிகளை மாற்றினேன். பெயரும் வேண்டாம், வயதும் வேண்டாம் என்று எல்லோருக்கும் பணியாளர் எண்ணையே முகவரியாக்கினேன். ஜெயிலில் இருப்பது மாதிரி இருக்கிறது என்றார்கள், ஆனால் சண்டை வரவில்லை. நிச்சயதார்த்தத்தில் யாரோ மாப்பிள்ளை எப்படி என்று விசாரித்ததற்கு, என் மாமனார் மேடைக்குக் கேட்கும்படி, "பய ரொம்ப நேர்மை. ஏமாத்தத் தெரியாது. அதுக்கான மூளை காணாதுன்னு ஆபீஸ்லயே சொல்லிட்டாவ" என்று பெருமையாகச் சொன்னார். பூங்கொடி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

போன மாதம் அவள் பிறந்தநாள். அவளுக்குத் தெரியாமல் ஒரு சேலை வாங்கினேன். கடையில் பில் அனுப்ப போன் நம்பர் கேட்டார்கள். மனப்பாடமாக இருந்த நம்பரைச் சொன்னேன். சேலையை ஆய்வகத்துப் பேப்பர் கட்டுக்குள் மறைத்து, "இன்னைக்குச் சரிபாக்க நெறைய இருக்கு" என்று முனகிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன். பூங்கொடி என் கையிலிருந்த கட்டை வாங்கி மேஜையில் வைத்தாள். பக்கத்தில் என் ஆறு வயது மகள், அம்மாவின் போனில் கடையிலிருந்து வந்திருந்த மெசேஜை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். வாசித்து முடித்துவிட்டு, என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னாள்:

"அப்பா, ஒங்களுக்குக் காணாதுப்பா."