பதினேழாம் கட்டம்

"மேடம், பதினேழு இன்னும் காலியாவே இருக்கு."

அச்சகக்காரர் அந்த வாரத்தில் நான்காவது முறையாகப் போன் செய்தார். அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கையிலிருந்த பாட்டிலில் சீட்டு ஒட்டினாள். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது பாட்டில். பாட்டில்கள் பேசாது என்பதால் அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

"பார்க்கறேன்," என்றாள்.

"திங்கக்கிழமையும் இதையேதான் சொன்னீங்க."

விலங்கியல் பேராசிரியை அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அவருடைய செல்ல வகுப்பின் இருபத்துநான்கு பேரும் இப்போது என்ன செய்கிறார்கள் என்று ஒரு சிறப்பு மலர் போட்டு, விழாவில் கொடுப்பதாக ஏற்பாடு. ஆளுக்கு ஒரு கட்டம். வேலை, குடும்பம், சாதனை. இதை யார் செய்வது என்று வாட்ஸப் குழுவில் கேள்வி வந்தபோது எல்லோரும் தங்களால் முடியாது என்று எழுதினார்கள். அவள் ஒன்றும் எழுதவில்லை. அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டார்கள். கல்லூரியில் அவளுக்குப் பெயரே 'சைலன்ஸ்'.

அச்சகத்தின் நம்பரைத் துறை அலுவலகம் கொடுத்தது. அச்சகக்காரரை அவள் பார்த்ததில்லை. போனில் முடிகிற காரியத்துக்கு நேரில் போகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

இருபத்துமூன்று பேர் எழுதி அனுப்பிவிட்டார்கள். பாக்கி 'தவளை' மட்டும்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, செய்முறைத் தேர்வில் அறுக்கக் கொடுத்த தவளையை ஜன்னல் வழியாக வெளியே விட்டவன். பேராசிரியை வகுப்பு முழுக்கக் கேட்க, "நீ உருப்படவே மாட்டே!" என்று கத்தினார். அதன் பிறகு அவன் வரவில்லை. அவன் முகம் அவளுக்கு நினைவில்லை. அவன் கடைசி பெஞ்ச். முதல் பெஞ்சில் இருந்த அவள் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

இருபத்துமூன்றோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்கப் பேராசிரியையின் அறைக்குப் போனாள். பாதி புத்தகங்கள் பெட்டிக்குள் போயிருந்தன.

"அவனை விட்டுட்டாப் போடப்போறே?" பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. நிம்மதியா ரிடையர் ஆகணும்னா எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும். அவன் உருப்பட்டானா இல்லையா?"

அளக்காத எண்ணை அவள் ஒரு நாளும் அறிக்கையில் எழுதியதில்லை. ஆனால் எதிரே இருந்த கண்கள் கலங்கியிருந்தன.

"நல்லா இருக்கார் மேடம்."

"என்ன பண்றான்?"

அவள் மூளையில் தவளையைத் தவிர வேறொன்றும் இல்லை. "தவளை... தவளைகளைக் காப்பாத்தறார்."

பேராசிரியை சிரித்த சிரிப்பில் பத்து வயது குறைந்தது.

அன்றே இரண்டு வரி எழுதி அனுப்பினாள். அரை மணியில் போன்.

"மேடம், மத்தவங்களுக்கெல்லாம் ஆறு வரி. இவருக்கு மட்டும் ரெண்டே வரி. கட்டம் பல்லு போன வாய் மாதிரி இருக்கு."

"ஒரு... புது வகைத் தவளையைக் கண்டுபிடிச்சார்னு போடுங்க."

"அடேங்கப்பா! போட்டாச்சு. குடும்பம்?"

"அவசியமா?"

"இருபத்துமூணு பேருக்கும் குடும்பம் இருக்கே மேடம். இவர் மட்டும் என்ன பாவம் பண்ணார்?"

"மனைவி. ரெண்டு பொண்ணு."

"மனைவி என்ன பண்றாங்க?"

"டாக்டர்."

"தவளைக்கா?"

"பல்லுக்கு."

போனில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அவர் சந்தோஷமா இருக்காரா மேடம்?" என்றார்.

"ரொம்ப," என்றாள். அதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் பிழைதிருத்தப் படியைக் குழுவில் போட்டாள். யாராவது பிடித்துவிடுவார்கள் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தாள். முதலில் எழுதியது, அந்தக் காலத்து வகுப்புத் தலைவன்.

"நம்ம தவளையா! போன மாசம்தான் ஏர்போர்ட்ல பார்த்தேன். ஆள் இளைச்சுட்டான்."

"அவன் பொண்டாட்டிதான் எனக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினா. வலியே தெரியல," என்றாள் இன்னொருத்தி.

"மூத்த பொண்ணு அப்படியே அவன் ஜாடை," என்றான் வேறொருவன்.

அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். மாலைக்குள் அவளுக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

வீட்டில் அக்காவிடம் சொன்னாள். அக்கா துணி மடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "வாயே திறக்காதவ திறந்தா இப்படித்தான். ஒரு ஆளுக்கு வேலை குடுத்து, கல்யாணம் பண்ணி வச்சு, ரெண்டு பிள்ளையும் குடுத்துட்டே. உன் கல்யாணத்துக்கு இந்த வேகத்தைக் காட்டியிருக்கலாம்."

"அக்கா!"

அதற்குள் பேராசிரியையின் போன். "முடிவு பண்ணிட்டேன்மா. விழாவுக்கு அவன்தான் சிறப்பு விருந்தினர். எல்லார் முன்னாடியும் திட்டினேன், எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கணும். நீதான் கூட்டிட்டு வரணும்."

"அவர் காட்டுல இருக்கார் மேடம். சிக்னல் இல்ல."

"அப்புறம் உன்கிட்ட எப்படிப் பேசினான்?"

"மரத்து மேல ஏறி."

அக்கா துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப மறுபடியும் ஏறச் சொல்லு," என்றார் பேராசிரியை.

இரண்டு நாள் யோசித்து, தவளைக்கு உடம்பு சரியில்லை, வர முடியாது என்று செய்தி அனுப்பினாள். உடனே பதில் வந்தது. "ஐயோ! அப்ப விழாவைத் தள்ளி வைக்கறேன். அவன் குணமாகட்டும்." மண்டபக்காரரும் சமையல்காரரும் அவளைக் கூப்பிட்டுத் திட்டினார்கள். மறுநாள் காலையில் அவள் அவரைக் குணப்படுத்த வேண்டியதாயிற்று.

"நெஜம்மாவே குணமாயிட்டானா? அப்ப கண்டிப்பா வரான்!" என்றார் பேராசிரியை.

விழா நாள் வந்தது. மேடையில் பேராசிரியையின் நாற்காலிக்குப் பக்கத்தில் சிறப்பு விருந்தினருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதன் மேல் ஒரு மாலை. முன் வரிசையில் வகுப்புத் தலைவன், ஏர்போர்ட்டில் தவளை என்ன சட்டை போட்டிருந்தான் என்று விவரித்துக்கொண்டிருந்தான். மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் அவள் நின்றாள். பக்கத்தில் பேராசிரியை, எழுதி வைத்த மன்னிப்பைச் சத்தமில்லாமல் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளில் இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தியிருந்தார்.

அந்தத் தாளைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. இன்னும் பத்து நிமிடத்தில் அந்த மனுஷி இருநூறு பேர் முன்னால் ஒரு காலி நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்கப்போகிறார்.

"மேடம், அவர் வரமாட்டார்."

"வண்டி கிடைக்கலியா?"

"அப்படி ஒரு ஆள் எங்க இருக்கார்னே எனக்குத் தெரியாது. தவளை ஆராய்ச்சி, பல் டாக்டர், ரெண்டு பொண்ணு எல்லாம் நான் எழுதினது. நீங்க அழுதுடுவீங்கன்னு பயந்துட்டேன். அவர் உருப்பட்டாரா இல்லையான்னு எனக்கு உண்மையாவே தெரியாது மேடம்."

தன் வாழ்நாளில் அவள் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

பேராசிரியை தாளை மெல்ல மடித்தார். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

கதவு திறந்தது. அச்சடித்த மலர்க் கட்டு இரண்டைச் சுமந்துகொண்டு, சட்டையில் மை தெறித்த ஒருவர் உள்ளே வந்தார்.

"மேடம், நான்தான் அச்சகம். கொஞ்சம் லேட்டாயிடுச்சு." போனில் கேட்ட அதே குரல். "வரும்போது நீங்க சொன்னது காதுல விழுந்தது. மன்னிக்கணும்."

"பதினேழாம் கட்டம் இருக்கற பக்கத்தைக் கிழிச்சுடலாமா?" அவள் தரையைப் பார்த்தபடியே கேட்டாள். "எல்லாமே தப்பு."

பேராசிரியை கண்ணாடியை மாட்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார். மடித்த தாள் அவர் கையிலிருந்து நழுவியது.

அச்சகக்காரர் கட்டுகளை மேஜை மேல் வைத்துவிட்டு, அவள் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்தார்.

"எல்லாமே தப்பில்ல மேடம். ஒரு தவளையைக் காப்பாத்தினது நெஜம்தான். ஆனா எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல."